அமிலத்துக்கு அஞ்சிய தகடு

ஒரு வீட்டில் இறங்கிக் குளிப்பதற்கென உப்புநீர் நிரப்பிய வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. உப்பிலிருந்து குளோரின் எடுத்து அந்நீரைத் தூய்மையாக வைப்பது, குழாய்க்குள் இருந்த தகட்டின் வேலை. ஒருநாள் தகட்டின்மேல் சுண்ணாம்பு படிந்து வேலை நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால் கழற்றி அமிலத்தில் ஊறவைப்பார்களே என்று தகடு நடுங்கியது. ஆகவே, “உப்பு போதவில்லை” என்னும் விளக்கை எரியவிட்டது.

வீட்டுக்காரர் தேவசகாயம் ஒரு பை உப்பைக் கொட்டினார். மறுநாளும் அதே விளக்கு எரிந்தது. இன்னொரு பையைக் கொட்டினார்.

பக்கத்திலிருந்த சூடேற்றி முனகியது: “தம்பி, இத்தனை உப்பு என் உடம்பை அரிக்கிறதடா. உன் அழுக்கை ஒப்புக்கொண்டுவிடேன்!”

“அமிலத்தில் கிடக்கப்போவது நீங்களா அண்ணே, நானா? இன்னும் ஒருநாள் பொறுங்கள்.”

மூன்றாம் பை கரைவதற்குள் சூடேற்றியில் ஓட்டை விழுந்துவிட்டது. தேவசகாயம் நீரை வடித்து எல்லாவற்றையும் கழற்றினார். “அடடே, கோளாறு உன்னிடந்தானா!” என்று தகட்டை அமிலத்தில் போட்டார்.

தகடு கண்களை இறுக மூடிக்கொண்டது. சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

“அண்ணே, வலிக்கவே இல்லை!” என்று கூவிக்கொண்டே அது குழாய்க்குள் திரும்பியது.

பக்கத்தில் புதிய சூடேற்றி ஒன்று இருந்தது. “யாரைக் கூப்பிடுகிறீர்கள்?” என்று அது கேட்டது.