காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு

அழகுப் பொருள் கடையின் வெள்ளை விளக்கில் என் மனைவி சிவந்த கன்னங்களோடு நிற்கிறாள். அவள் தோல் அப்படி. பக்கத்து வீட்டில் வாசனை சோப்பு போட்டுக் குளித்தால் எங்கள் வீட்டில் இவளுக்கு அரிக்கும். நான் பொய் சொல்வதில்லை. நாளை அவள் தங்கை மகள் கல்யாணம். "முகத்துல ஏதாவது பூசி மறைச்சுக்கிட்டு வா, போட்டோ கெட்டுப்போயிடும்" என்று தங்கை போனில் சொல்லியிருக்கிறாள். விற்பனைப் பெண்ணின் முகத்தில் சுவருக்கு அடித்தது போலப் பூச்சு. சிரித்தால் காரை பெயர்ந்து விழுமோ என்று நான் தள்ளி நிற்கிறேன். ரோஜா மணக்கும் டப்பாவை நீட்டுகிறாள். "இதப் போடுங்கம்மா, சிவப்பு இருந்த இடமே தெரியாது." மனைவி மூடியைத் திருகி மூடுகிறாள். "மறைக்கறதுக்கு நான் என்ன திருடிட்டா வந்தேன்?" நேற்று இங்கே காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்த, வாசனையே இல்லாத களிம்பைக் காட்டுகிறாள். காதை மடக்கியும் காட்டுகிறாள், சிவக்கவில்லை. "இதுதான் எனக்கு ஒத்துக்குது."

"இதுல கன்னம் ஆற ஒரு மாசம் ஆகும்மா. கல்யாணம் நாளைக்கில்ல?"

"ஆகட்டும். இதே மூஞ்சியோட முன்வரிசையில உட்காருவேன். பிடிக்காதவங்க திரும்பிக்கட்டும்."

விற்பனைப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலரைத் தளர்த்துகிறாள். பூச்சு முடியும் இடத்தில் அவள் கழுத்தும் தடித்துச் சிவந்திருக்கிறது. மனைவி களிம்பைத் தொட்டு அவள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைக்கிறாள். "நாளைக்குப் பாரு. சிவக்கலன்னா, இந்தப் பூச்சையெல்லாம் கழுவிட்டு வேலைக்கு வா."

"முதலாளி திட்டுவாரும்மா."

"ஏன், அவர் மூஞ்சியா அது?"