ஏகமனதாக

"இன்னிக்குக் கமிட்டி முடிவு பண்ணிடுச்சுன்னா, அடுத்த மாசத்திலிருந்து உங்களுக்கு இங்க வேலை இருக்காதும்மா. முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் என் ரூம் வாசல்ல வந்து நின்னு அழக் கூடாது," என்றார் டீன்.

"சரிங்க சார்," என்றாள் டைப்பிஸ்ட். கூட்டக் குறிப்பு நோட்டைத் திறந்து தேதி போட்டாள்.

பதினோரு வருடமாக அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒப்பந்த ஊழியர். ஆசிரியர்கள் கிறுக்கித் தரும் மார்க் தாள்களை வாங்கி, கூட்டி, தட்டச்சு செய்து கொடுப்பதுதான் வேலை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். இனிமேல் பாடம், பரீட்சை, மார்க் எல்லாவற்றையும் கணினியிலேயே நடத்த ஒரு மென்பொருள் வாங்கப் போகிறார்கள். ஆசிரியர்களே மார்க்கைப் போட்டுவிடுவார்கள், அதுவே கூட்டிக்கொள்ளும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் டீனையும் சேர்த்து ஆறு மேதைகள் கொண்ட குழு. மேதைகள் என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட பெயர்.

மூன்று கம்பெனிகள் ஆளுக்கொரு மென்பொருளைச் சோதனைக்குக் கொடுத்திருந்தன. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்ட். மற்றவரிடம் பேசாமல், தானே உள்ளே போய், பாடம் ஏற்றி, பரீட்சை வைத்து, மார்க் போட்டுப் பார்த்து, நூற்றுக்கு இத்தனை என்று அதிலேயே பதிய வேண்டும். ஒரு மாதம் அவகாசம். இது டீன் வகுத்த திட்டம். இதைப் பற்றி அவர் பீற்றிக்கொள்ளாத கூட்டமே இல்லை.

"எல்லாரும் நல்லா உபயோகிச்சுப் பார்த்தீங்க இல்லையா?"

"பார்க்காம என்ன? கண்ணு பூத்துப் போச்சு," என்றார் நூலகர். "அந்த முதலாவது, நீலமா இருக்குமே, அதுலயே நாலு நாள் போயிடுச்சு."

"முதலாவது பச்சை இல்லையோ?" என்றார் இயற்பியல் துறைத் தலைவர்.

"ரெண்டாவதுதான் பச்சை."

"எனக்கு எல்லாமே வெள்ளையா இருந்த மாதிரிதான் ஞாபகம்."

பத்து நிமிடம் இதே பஞ்சாயத்து. கலரில் என்ன இருக்கிறது என்று டீன் முடித்துவைத்தார்.

"எனக்கு இதெல்லாம் தூக்கத்துல வரும். அரை மணி நேரத்துல மூணையும் அலசிட்டேன்," என்றார் கணினி மையத் தலைவர். செல்போனில் அலாரம் வைக்கவே மகளைக் கூப்பிடுகிற மனிதர் அவர். வளாகத்தில் இது தெரியாதவர்கள் இல்லை.

டீன் மார்க் பட்டியலைக் கவரிலிருந்து எடுத்தார். முதலாவதுக்கு யாரும் நாற்பதைத் தாண்டவில்லை. இரண்டாவதுக்கு நாற்பத்தைந்து. மூன்றாவதுக்குத் தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றைந்து என்று ஆறு பேரும் அள்ளி வீசியிருந்தார்கள்.

"பாருங்க," என்றார் டீன். முகத்தில் மாப்பிள்ளைக் களை. "ஆறு பேர். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்கலை. ஆனா ஒரே முடிவு. இதுக்குப் பேர்தான் ஆராய்ச்சி."

மற்ற ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடக்கமாம்.

இயற்பியல் தலைவர் மட்டும் கம்பெனி குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். "சார், இந்த மூணாவதுல ஆசிரியர்கள் நேரா மார்க் போட முடியாதுன்னு போட்டிருக்கே. யாராவது ஒரு ஆள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஏத்தணுமாம். கூட்டல்கூட நாமதான் கூட்டிக் கொடுக்கணுமாம்."

"அப்படியா? அப்புறம் எதுக்கு நீங்க அதுக்குத் தொண்ணூத்தேழு போட்டீங்க?"

இயற்பியல் குறிப்பை மூடிவைத்தது. "அது... மொத்தமா வச்சுப் பார்த்தா நல்லா இருந்துச்சு சார்."

"அவ்வளவுதானே. ஆள் வேணும்னா போட்டுட்டாப் போச்சு," என்றார் டீன். "யாரைப் போடலாம்?"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் டைப்பிஸ்டைப் பார்த்தார்கள்.

"ஏம்மா, உங்களுக்கு இதெல்லாம் வருமா? கொஞ்சம் சிக்கலான சமாச்சாரம். நாங்களே திணறிட்டோம்."

"கத்துக்கறேன் சார்," என்றாள் அவள், பூனை மாதிரி.

"ஒரு விஷயம் சார்," என்றார் நூலகர். "மார்க்குங்கிறது ரகசியம். பாஸ்வேர்ட் வேற. ஒப்பந்த ஆளுகிட்ட நம்பிக் குடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

"விதின்னா விதிதான். நிரந்தரப் பணியிடம்னு எழுதிக்கோங்கம்மா. குழு ஏகமனதாகத் தீர்மானிச்சதுன்னும் சேர்த்துக்கோங்க." டீன் பேனாவை மூடினார். "காலையில உங்களை வீட்டுக்கு அனுப்பறதா இருந்தோம். அதிர்ஷ்டக்காரிதான் நீங்க."

"எல்லாம் உங்க தயவு சார்."

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர்கள் போல ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். அவள் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது டீன் மட்டும் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, என் பாஸ்வேர்டை உங்ககிட்ட குடுத்து மார்க் போடச் சொன்னேன் பாருங்க, அது நமக்குள்ளயே இருக்கட்டும். மத்த அஞ்சு பேரும் ஒரு மாசமா உட்கார்ந்து பார்த்திருக்காங்க. வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்," என்றாள் அவள். மற்ற ஐந்து பேருக்கும் போன வாரமே தனித்தனியாகச் சொல்லி அனுப்பிய அதே பதில்தான்.