இலை போட ஒரு மேசை

உடைந்த மாட்டு வண்டியின் பலகைகளை இழைத்து, தீர்த்தகிரி விடிந்ததிலிருந்து வீட்டுக்குள் மேசையும் இரண்டு முக்காலியும் செய்துகொண்டிருந்தான். ஆணி அடிப்பான், வாசலுக்கு ஓடித் தெருவைப் பார்ப்பான், திரும்ப வந்து அடிப்பான்.

"விருந்தாளிக்குத் தரையில இலை போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டாள் மனைவி சின்னம்மாள்.

"ஆகாது."

"பட்டாளத்துல கூட இருந்த வெள்ளைக்காரத் துரையா இருக்கும்மா," என்று பூரித்தார் தீர்த்தகிரியின் அப்பா. தெருவெல்லாம் அதைச் சொல்லிவிட்டும் வந்தார்.

மேசையின் ஒரு கால் ஆடியது. அவன் ஆப்பு செருகுவதற்குள் வாசலில் நிழல் விழுந்தது.

காக்கி உடுப்பில் தயங்கி நின்றவன் சேரியைச் சேர்ந்த மாதன். பர்மாவில் குண்டடிபட்டுக் கிடந்த தீர்த்தகிரியைத் தோளில் சுமந்து காப்பாற்றியவன்.

"டேய்! இவனைச் சாப்பிடக் கூப்பிடறேன்னு நீ கேட்டப்பவே என்ன சொன்னேன்? நான் இருக்கற வரைக்கும் என் வூட்டுத் தரையில இவனுக்கு இலை விழாதுன்னு சொன்னனா இல்லியா?" என்று அப்பா கத்தினார்.

தீர்த்தகிரி குனிந்து, ஆடிய காலுக்கு ஆப்பைச் செருகினான். சின்னம்மாள் ஒரு கணம் மேசையைப் பார்த்தாள். பிறகு அதன்மேல் இரண்டு இலைகளை விரித்துத் தண்ணீர் தெளித்தாள்.

"உள்ள வாங்கண்ணா, உக்காருங்க," என்று மாதனை அழைத்துவிட்டு மாமனாரிடம் திரும்பினாள்.

"உங்க பேச்சை ஆரும் மீறல மாமா. இலை தரையில விழலீங்களே!"