வெண்தகட்டுக்கு ஒரு குடை

சிவப்புச் சாயக்கழிவு வந்து விழும் குட்டையில் கெண்டை ஒன்று மூச்சுத் திணறிக் கிடந்தது. யாரோ வெண்பொடி பூசிய தகடு ஒன்றை அங்கே இறக்கிவிட்டுப் போனார்கள். வெயில் பட்டதும் தகடு சாயத்தைச் சிதைத்தது. தண்ணீர் தெளிந்தது, கெண்டைக்கு உயிர் வந்தது.

வாங்கிய உதவிக்கு மரியாதை செய்ய வேண்டாமா? கெண்டை ஆகாயத்தாமரையிடம் போனது.

"அக்கா, நமக்காக உழைக்கிற பெரியவர் வெயிலில் காய்கிறார். கொஞ்சம் நிழல் கொடுங்கள்."

"அதற்கென்ன தம்பி, படர எனக்கும் இடம் வேண்டும்" என்று இலைகள் நகர்ந்து வந்தன.

"ஐயோ, வேண்டாம்! வெயில் பட்டால்தான் எனக்குக் கை ஓடும்" என்றது தகடு.

"பெரியவர்கள் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் படருங்கள் அக்கா" என்றது கெண்டை.

சில நாளில் தண்ணீர் மறுபடியும் சிவந்தது. கெண்டை வாயைப் பிளந்தபடி மேலே வந்தது.

"அக்கா, பெரியவர் ரொம்பக் களைத்துவிட்டார். நிழல் போதவில்லை போலிருக்கிறது."