உங்கள் தேவைக்கு எந்த கார்ட்?

“ஒரு சுத்துக்கு நாற்பத்தொன்பது செகண்ட்” என்றார் வெங்கடநாராயணன், கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சைப் பார்த்து. “வேற பிராண்ட் இல்லையா?”

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு ரேஸ் கார்ட் என்கிற அந்தக் குட்டிப் பந்தய வண்டியிலிருந்து இறங்கினாள் தமயந்தி. சால்ட் லேக்கைத் தாண்டி நியூ டவுன் போகும் வழியிலிருந்த அந்தப் பந்தயத் தடம் அவளுடையது. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமை முழுவதற்கும் வெங்கடநாராயணனின் பம்ப் கம்பெனி அதை வாடகைக்கு எடுத்திருந்தது. ஆண்டு விழா, அதிகாரிகளுக்குள் கார்ட் பந்தயம். அவரவர் வண்டியை அவரவரே முன்கூட்டி வந்து பார்த்து, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போகலாம்.

“சார், இது வெல்தோரா. இத்தாலி வண்டி. இந்த ஷெட்டுக்கே இதுதான் ராஜா. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

“வேற காட்டுங்கோ. மத்தவா மாதிரி கலரைப் பார்த்து வண்டி எடுக்கற ரகம் இல்லை நான். எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சிவப்புதான் வேணும்கறார். பெயின்ட்டா ஓடறது?”

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கையில் போட்டிருந்த புது கிளவுஸில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடம் முன்பு அவரை வெல்தோராவின் சீட்டுக்குள் செருகவும், பிறகு வெளியே உருவவும் இரண்டு மெக்கானிக்குகள் தேவைப்பட்டார்கள்.

தமயந்தி அடுத்த வண்டியைக் காட்டினாள். “இது அர்மீல். பிரான்ஸ். வளைவுல பின்பக்கம் சறுக்காது, பிரேக் கச்சிதம். புதுசா ஓட்டறவங்க கூட ஐம்பத்திரண்டுல வந்துடுவாங்க.”

“தப்பே பண்ண முடியாதா இதுல?”

“முடியவே முடியாது சார்.”

அவர் முகம் சுருங்கியது. டைரியில் அர்மீல் என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“அரே பாபா!” என்றாள் தமயந்தி. “முதல் பரிசு அப்படி என்னதான் சார்?”

“எவர்சில்வர் ஹாட்பாக்ஸ். கோயமுத்தூர்லேர்ந்து சேர்மனே வந்து குடுக்கறார்.”

“ஒரு ஹாட்பாக்ஸுக்கா இந்த ஸ்டாப்வாட்ச், டைரி எல்லாம்?”

“ஹாட்பாக்ஸ் யாருக்கு வேணும்?” வெங்கடநாராயணன் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் அக்ஷய்னு ஒருத்தன் ஜெயிச்சான். எங்க ஜோனல் மேனேஜர் மஹாதேவன் சாரைக் கடைசி வளைவுல தாண்டிட்டான். எல்லாரும் கை தட்டினோம். அடுத்த மாசமே அவனை எங்கேயோ கோடியில இருக்கற திப்ருகர் குடோனுக்குத் தூக்கி அடிச்சுட்டா. இன்னும் அங்கேதான் கொசு அடிச்சுண்டிருக்கான்.”

“அப்போ உங்களுக்கு...”

“தோக்கணும். என் பொண்ணு ரோஹிணி இங்கே பிளஸ் டூ படிக்கறா. மார்ச்ல எனக்கு டெபுடி போஸ்ட் வரணும். திப்ருகரெல்லாம் நம்மால முடியாது.”

தமயந்தி ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “வேணும்னே மெதுவா ஓட்டிட்டுப் போங்களேன். அதுக்கு எந்த வண்டியா இருந்தா என்ன?”

“அங்கேதான் விஷயம் இருக்கு! எங்க ஆபீஸ் பானர்ஜி அப்படித்தான் பிரேக்கை மிதிச்சுண்டே ஓட்டினார். ‘என்னைக் கிண்டல் பண்றேளா’ன்னு மஹாதேவன் சார் ஒரு வாரம் அவர்கிட்ட பேசலை. நாம முழு மூச்சா ஓட்டணும் மேடம். வேர்க்கணும், பல்லைக் கடிக்கணும். அப்படியும் தோக்கணும். அதுக்கு வண்டி ஒத்துழைக்கணும்.”

தமயந்தி ஷெட்டின் கோடிக்கு நடந்தாள். அங்கே தனியாக ஒரு வண்டி நின்றது. முன் பம்பர் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

“தூஃபான். புயல்னு பேர் மட்டும்தான். ஹவுராவுல ஒரு பட்டறையில செஞ்சது. எடை ஜாஸ்தி, இழுவை கிடையாது. எழுபத்தோரு செகண்ட்.”

“ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சாலுமா?”

“மிதிச்சா சத்தம் மட்டும் கூடும். ஏரோப்ளேன் மாதிரி.”

“சத்தம் வேற வருமா! பேஷ், பேஷ்!” வெங்கடநாராயணன் கிளவுஸைக் கழற்றிவிட்டு, தூசி படிந்த ஸ்டியரிங்கை வெறுங்கையால் தடவிக் கொடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் இவ்வளவு மலர்ந்திருக்க மாட்டார். “எதுக்கும் ஒரு மூளை வேணும் மேடம். அந்த முட்டாள்கள் சிவப்புக்கு அடிச்சுண்டு சாகட்டும். இதை என் பேர்ல எழுதிக்கோங்கோ.”

“முடியாது சார். இது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. காலையிலேயே உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்து பேர் எழுதிட்டுப் போயிட்டாரு.”

“எதுக்குன்னு சொன்னாரா?”

“நீங்க சொன்ன அதே காரணம்தான்.”

வெங்கடநாராயணனுக்கு மூக்கு விடைத்தது. “சீ! மேலதிகாரி ஜெயிக்கணும்னு இப்படியும் குழையறதா? முதுகெலும்புன்னு ஒண்ணு வேண்டாமா மனுஷனுக்கு? யாருன்னு சொல்லுங்கோ. இப்பவே மஹாதேவன் சார் காதுல போட்டுடறேன்.”

தமயந்தி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“அவரேதான் சார். சேர்மனும் ஓட்டறாராம்.”