கப்பலில் வந்தவன் வீடு

"பாரடா டெனிஸ், வீடு எண்டால் இது வீடு!"

குவேக்கர்ஸ் ஹில்லிலிருந்து காலையிலேயே காரைக் கிளப்பிய அனோஜ், அந்தப் பழைய மாளிகையின் முன்னால் நிறுத்திவிட்டுச் சொன்னான்.

டெனிஸ் அண்ணாந்து பார்த்தான். கல்தூண்களும் சுற்றுவிறாந்தையுமாக அது குன்று முழுவதையும் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஆற்றை வீடு?"

அனோஜ் வாசல் பலகையை வாசித்துப் பார்த்தான். "ஒரு கள்ளன்ரை. இருநூறு வருசத்துக்கு முந்தி இங்கிலாந்தில குதிரை களவெடுத்துப் பிடிபட்டவனாம். தண்டனையா இஞ்ச அனுப்பியிருக்கினம். பிறகு மன்னிச்சு, காணியும் குடுத்திருக்கினம்."

"எதில வந்தவன்?"

"கப்பலில."

டெனிஸ் சிரிக்கத் தொடங்கினான். நிறுத்தவே முடியவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பிழை என்னிலதான் மச்சான். மன்னாரில ஒரு கழுதையையாவது களவெடுத்துப்போட்டு வள்ளம் ஏறியிருக்கோணும்."



எந்த வாசலைத் தாண்டினாலும் 'போறன்' என்று சொல்லக்கூடாது, 'போட்டு வாறன்' என்றே சொல்லவேண்டும் என்று வளர்ந்தவர்கள் இருவரும். மறுநாள் விமான நிலையத்தில், தஞ்சம் மறுக்கப்பட்ட டெனிஸை ஊருக்குத் திருப்பி அனுப்ப அதிகாரி ஒருவர் காத்துநின்றார். அவரை நோக்கி நடந்தவன் ஒருமுறை திரும்பினான்.

"போறன் மச்சான்."

அனோஜ் அவனைத் திருத்தவில்லை.