இருண்ட கப்பலைக் கிளப்புவது எப்படி

மறுநாள் காலையில் ஆல்ஃபியஸுக்கு வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான். இந்த முறையும் விட்டால் கப்பலின் சீஃப் இன்ஜினியர் இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

மதியப் பனிப்புயலில் செயின்ட் ஜான்ஸ் துறைமுக நகரம் முழுக்க மின்சாரம் போயிருந்தது. சமையலறை மேசைக்கு எதிரே அவன் மனைவி ஃபிலோமினா தேர்வாளர் போல விறைப்பாக உட்கார்ந்தாள்.

"கப்பல்ல துளி கரண்ட் இல்ல. எப்படிக் கிளப்புவீங்க, சீஃப் சார்?"

"முதல்ல அவசர ஜெனரேட்டர், ஐயா."

தரைக்குக் கீழே ஏதோ இருமியது. மேசை விளக்கு எரிந்தது. தெருவில் வேறெந்த வீட்டிலும் விளக்கு எரியவில்லை. அந்த வீட்டில் ஜெனரேட்டரும் கிடையாது.

"ஐயாவா? அம்மான்னு சொல்லுய்யா. அப்புறம்?"

"குளிர்விக்கத் தண்ணி விடணும். காத்துச் சிலிண்டரை நிரப்பணும். உடனே பெரிய இன்ஜினை..."

"உடனேயா? போன ரெண்டு தடவையும் இதே இடத்துலதானே கவுந்தே."

அவன் கண்ணை மூடி யோசித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"எண்ணெய் பம்ப். எல்லா இடத்துக்கும் எண்ணெய் ஏறினதுக்கு அப்புறம்தான் ஸ்டார்ட்."

தேநீர்க் கோப்பைகள் லேசாக நடுங்கின. ஜன்னலில் எதிர்வீட்டு மஞ்சள் சுவர் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. அடுத்து தேவாலயம் நகர்ந்தது. தன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"பாஸாயிட்டே," என்றாள் ஃபிலோமினா. "நிறுத்துறது எப்படின்னு கேக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறு," என்றான் ஆல்ஃபியஸ். "துறைமுக வாயைத் தாண்டிக்கலாம்."